வயலின் வாசிப்பவருக்கு வீணை மூன்று மாதத்தில் வருமா?

18 ஜூன் 2023 (ஒரு வாசகரின் கேள்வி)

வயலின் 12 வருடமாக வாசிக்கிறேன். கச்சேரி எல்லாம் கிடையாது, வீட்டோடு சரி. இப்போது வீணை கற்க ஆசை. இடது கை ஸ்வரம் பிடிப்பது இரண்டிலும் ஒன்றுதானே. வீணையில் தந்திக்கு அடியில் ஸ்வர இடத்துக்கு ஒன்றாகப் பித்தளை மெட்டு வேறு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அபஸ்வரம் வர வழியே இல்லை. மூன்று மாதத்தில் வர்ணம் (கீதங்களைத் தாண்டி வருகிற உருப்படி) வரை போய்விடலாம் என்பது என் கணக்கு. இரண்டும் வாசிப்பவர்கள் சொல்லுங்கள்.

19 ஜூன் 2023

போய்விடலாம்.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. பிடில் 14 வயதில் பொள்ளாச்சியில் ஒரு பஜனை வாத்தியாரிடம் ஆரம்பித்தது, இப்போது வயது 51. வீணை வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கொழிஞ்சாம்பாறையில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். தத்தமங்கலம் பக்கம் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூரு போனது. போர்வெல் மோட்டார் பில் பாக்கி. "வீணை ஒண்ணு கெடக்குது, எடுத்துக்கறீங்களா?" என்றார்கள். நுனியில் இருக்கிற யாளித் தலைக்கு ஒரு கண் இல்லை. மற்றபடி நல்ல தஞ்சாவூர் வீணை, பலா மரம். ஆட்டோவில் இறக்கியபோது வீட்டில், "ஏனுங்க, மோட்டாருக்குப் பணம் கேட்டா மரத்தைக் குடுத்தனுப்புனாங்களா?" என்று கேட்டாள்.

முதல் நாளே, ஆரம்பப் பாடத்து ராகமான மாயாமாளவகௌளை வந்துவிட்டது. சாரணித் தந்தியை (நாலில் மெலிந்தது) விரல் வைக்காமல் மீட்டினால் ஸ. முதல் மெட்டு ரி, 4-வது க, 5-வது ம, 7-வது ப, 8-வது த, 11-வது நி, 12-வது மேல் ஸ. எண்ணத் தெரிந்தால் போதும். 24 மெட்டுக்கு இரண்டு ஸ்தாயி முடிந்தது கணக்கு. மூன்று மாதம் தாராளம்.

20 ஜூன் 2023

நேற்று எழுதியது ஒன்றாம் காலத்துக்கு மட்டும் பொருந்தும். இன்று காலையில் இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், போட்டேன். ம தாண்டியதும் கை தானாகப் பக்கத்துத் தந்திக்குத் தாவியது. அங்கே கீழ்ப் பஞ்சமம் உறுமுகிறது.

காரணம் பிறகுதான் உறைத்தது. பிடிலில் தடித்த தந்தியிலிருந்து மெலிந்ததுக்கு வந்தால் ஸ ப ஸ ப. வீணையில் ப ஸ ப ஸ: அனுமந்தரம், மந்தரம், பஞ்சமம், சாரணி. ஒரு தந்தி நகர்ந்திருக்கிறது. பிடிலில் நடு ஸட்ஜத் தந்தியில் நாலு ஸ்வரம் வாசித்துவிட்டு அடுத்த தந்திக்குப் போனால் பஞ்சமம் காத்திருக்கும். வீணையில் சாரணிக்கு அந்தப் பக்கம் தாளம் காட்டுகிற தாளத் தந்திகள் மட்டும்தான். மேலே போக வேண்டும் என்றால் அதே தந்தியிலேயே கையை நகர்த்திப் போ. 37 வருடமாகத் தந்தி மாற்றிப் பழகிய கை. வீடு மாற்றியவன் சாயந்திரம் பழைய வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிற மாதிரி இருக்கிறது.

மூன்று மாதத்தை ஆறு மாதம் என்று திருத்திக்கொள்கிறேன்.

9 ஜூலை 2023

தனியாக ஆகாது என்று தெரிந்துவிட்டது. கொடுவாயூரில் ஒரு மாமி சொல்லிக்கொடுக்கிறார். ஞாயிறு காலை சிற்றூர், புதுநகரம் வழியாகப் போய்வர அரை நாள்.

"பிடில் வாசிக்கறேளா? நல்லதாப் போச்சு, காது இருக்கும். கையைப் பத்தி அப்பறம் பாப்போம்" என்றார். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "எதுக்கு ஸ்வரத்துக்கு ஸ்வரம் மீட்டறேள்? தந்தி அடிக்கற ஆபீஸா?" என்றார். எனக்குப் புரியவில்லை. பிடிலில் வில் போய்க்கொண்டே இருக்கும், விரல் மாறும், ஒலி அறுவதில்லை. வீணையில் மீட்டியதும் ஒலி குறைய ஆரம்பித்துவிடுகிறது, அதனால் பயந்துபோய் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மீட்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

மாமி சொன்னதை அப்படியே போடுகிறேன்: "வில்லுன்னா இழுத்துண்டே இருக்கலாம். இங்க ஒரு மீட்டு போட்டா, அது அடங்கறதுக்குள்ள நாலு ஸ்வரத்தை அதுலயே சொல்லி முடிக்கணும்."

சொல்லி, 5-வது மெட்டில் விரலை வைத்து ஒரே மீட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ம, ப, த என்று மூன்றைக் காட்டினார். எனக்கு ம தாண்டவில்லை. விரல் நுனியில் ரத்தம் கட்டியது. என் கை காயில் கட்டிக் காய்ப்புக் காய்த்த கைதான், ஆனால் காய்ப்பு இருக்கிற இடம் வேறு, வீணைக்கு வேண்டிய இடம் வேறு.

16 ஜூலை 2023

கம்பி பற்றி ஒருவர் கேட்டிருந்தார், கடைக் கம்பி போடலாமா என்று. நான் போட்டுப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன், வேண்டாம். காயில் கட்டுகிற செம்புக் கம்பி இழுக்க இழுக்க நீளும். முறுக்கி ஸ வைத்து நிமிர்வதற்குள் இறங்கியிருக்கும். எஃகுக் கம்பிதான் நிற்கும். இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்துகொண்டு இதைச் செய்தேன் என்பதைக் கடைப் பையனிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

30 ஜூலை 2023

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு வாய்ப்பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், தென்னை ஒரு மாதம் கிழக்கே சாய்ந்தே நிற்கும். எங்கள் பக்கம் காற்று மட்டும் வரும், மழை கொடுவாயூரோடு நின்றுவிடும். அதனால் என் வீட்டில் சேர்த்த சுருதி மாமி வீட்டுக்குப் போவதற்குள் மாறியிருக்கும். அங்கே ஈரத்தில் பிடிலின் பிருடை (தந்தியை முறுக்குகிற முளை) இறுகித் திருப்பவே முடியாது, இங்கே வந்ததும் நழுவும். நழுவினால் சாக்குக்கட்டிப் பொடி. வீணையில் சின்ன வித்தியாசம் என்றால் குதிரைக்கு (தந்தியைத் தாங்குகிற கட்டை) பின்னால் தந்தியில் இருக்கிற லங்கர் என்ற வளையத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

15 ஆகஸ்ட் 2023

விடுமுறை. காலையில் ஒன்றரை மணி நேரம் வீணை. இழுப்பதற்கு வழுக்க வேண்டும் என்று விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள், நானும் தொட்டுக்கொண்டேன். முடித்ததும் கை துடைக்காமல் பிடிலை எடுத்தேன்.

தெரிந்தவர்களுக்கு இங்கேயே வயிறு கலங்கியிருக்கும். இடது கை எண்ணெய் தந்தியில், அதே கையால் வில்லின் முடியைச் சரிபார்த்ததில் முடியிலும் எண்ணெய். வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. அது ரோசின் (பிசின்) பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால்தான் தந்தியைப் பிடித்து அதிர வைக்கும். எண்ணெய் பட்டால் தந்தி மேல் சும்மா சறுக்கும். சறுக்கியது. ஒலிக்குப் பதில் மூச்சு விடுகிற சத்தம். முடியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கோயம்புத்தூரில் சொன்னார்கள். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் இதுதான்.

ஆகவே: பிடில் முதலில், வீணை பிறகு. தலைகீழாக என்றால் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

3 செப்டம்பர் 2023

அபஸ்வரம் வர வழியே இல்லை என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். நானும் அப்போது மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன்.

என் வீணையில் 4-வது மெட்டு, அந்தர காந்தாரம், கொஞ்சம் ஏறியே கேட்டது. பிடில்காரனின் காது இந்த விஷயத்தில் சும்மா இருக்காது. மெட்டு பிசகியிருக்கிறது, ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று மாமியிடம் சொன்னேன். மாமி வீணையை வாங்கி மடியில் வைத்து அதே மெட்டில் மீட்டினார். சுத்தமாக இருந்தது. நான் வாசித்தேன், ஏறியிருந்தது. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்.

விஷயம் இதுதான். பிடிலில் தந்தி பலகையைத் தொட்டுவிடும், எவ்வளவு அழுத்தினாலும் தந்திக்குப் போக வேறு இடமில்லை. வீணையில் மெட்டுகள் உயரம். மெட்டுக்கு இந்தப் பக்கம் தந்தி அந்தரத்தில் நிற்கிறது. பயந்து அழுத்தினால் அது கீழே இறங்கும், இறங்கினால் இறுகும், இறுகினால் சுருதி ஏறும். மெட்டு இருப்பதால் அபஸ்வரம் வராது என்பது மெட்டைத் தொடுகிற அளவுக்கு மட்டும் அழுத்துகிறவருக்கு.

22 அக்டோபர் 2023

நாளை சரஸ்வதி பூஜை. எங்கள் பக்கத்துக் கேரள வீடுகளில் இன்றே பூஜை வைத்துவிட்டார்கள். புத்தகம், கருவி எல்லாம் விஜயதசமி வரை தொடக்கூடாது. கடையில் மெகர் (மின்காப்பு பார்க்கிற கருவி), சால்டரிங் அயர்ன் முதல் எல்லாவற்றையும் வைத்தாயிற்று. வீணையும் பிடிலும் பக்கத்தில் பக்கத்தில். வீட்டில் மூன்று நாள் நிம்மதி என்று ஒரு குரல் கேட்டது, யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

16 நவம்பர் 2023

கல்பாத்தித் தேர் பார்த்துவிட்டு வந்தேன். வீதியில் நிற்க இடமில்லை.

"வீணைதான் நம்முடையது, வயலின் வெள்ளைக்காரன் கருவி, இரண்டையும் ஏன் கலக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கலந்தது நான் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் வீணை வாசித்தவர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருந்திருக்கின்றன. திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் தந்தத்தால் செய்த வயலினே பரிசளித்திருக்கிறார். அதையும் விடுங்கள். எங்கள் பக்கம் புள்ளுவர்கள் நாகத்துக்குப் பாடும்போது வாசிக்கும் புள்ளுவன் வீணை ஒற்றைத் தந்தி, வில் போட்டு வாசிப்பது. பெயர் வீணை, வாசிப்பது வில்லால். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வீணைக்கும் இந்த மண்ணுக்கும் ஒட்டுண்டா என்று அதே ஆள் கேட்டிருந்தார். வீணை வித்வான் கே.எஸ். நாராயணசுவாமி பிறந்தது கொடுவாயூரில், 1914-இல். திருவனந்தபுரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, 1979-இல் சங்கீத கலாநிதி ஆனவர். மாமி வகுப்புக்கு நான் இறங்குவது அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில்தான். அவர் வாசிப்பைக் கேட்டால் எங்கேயும் அவசரம் இருக்காது, ஒரு மீட்டு போட்டுவிட்டு அது முடியும்வரை காத்திருப்பார். நான் காத்திருப்பதில்லை என்று மாமி வாரா வாரம் சொல்வது இதைத்தான்.

17 நவம்பர் 2023

எஸ். பாலசந்தர் (1927–1990) குரு இல்லாமல்தானே வீணை கற்றார் என்று கேட்கிறார்கள். ஆமாம். அதற்கு முன்னால் சிதாரும் வாசித்தவர். வீணை அவருக்கும் முதல் கருவி இல்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை பஸ் காசை மிச்சம் பிடிக்க நான் தயார் இல்லை.

21 ஜனவரி 2024

கெட்ட செய்தி. பிடில் கெட்டுப்போய்விட்டது. கருவி இல்லை, என் கை.

மார்கழி பஜனைக்கு வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனேன். அடிக்கடி அறுந்து அறுந்து வந்தது. வில்லை வைத்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு, மீட்டு போடுகிற மாதிரி. நிரவலில் பக்கத்துத் தந்திக்குப் போக வேண்டிய விரல் அதே தந்தியில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மிருதங்கக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டேன்.

ஆறு மாதம் என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. ஏழு ஆகிவிட்டது. ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை மூன்று காலமும், இரண்டு கீதமும் ஆகியிருக்கின்றன. வர்ணத்தைப் பற்றி மாமி பேச்சே எடுக்கவில்லை.

ஒரு மாதம் வீணையை மூடி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

28 ஜனவரி 2024

மூடவில்லை. மாமியிடம் சொன்னதற்கு, "ரெண்டு பாஷை படிக்கற கொழந்தை நடுவுல கொஞ்ச நாள் உளறும். ஊமையாயிடாது" என்றார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பதைத் தினமும் கேட்கிறேன், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் தொடர்கிறேன்.

28 ஏப்ரல் 2024

பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதில் என் பங்கு பின்வருமாறு.

மாமி வீட்டுக்கு வீணையை எடுத்துக்கொண்டு நண்பரின் காரில் போனேன். வழியில் சிற்றூரில் ஒரு கல்யாணம். மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாவது முறை வாங்கி, தெரிந்தவர்களிடம் பேசி வெளியே வர இரண்டு மணி நேரம். கார் கண்ணாடி ஏற்றிய நிலையில் வெயிலில் நின்றது. பின் சீட்டில் வீணை.

மெட்டுகள் உட்கார்ந்திருப்பது மெழுகில். தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துப் பிசைந்தது. அது முழுதாக உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் குழைந்து கொடுக்க அவ்வளவு தேவையில்லை. உறையைக் கழற்றினால் மேல் ஸ்தாயியில் ஆறு மெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி.

செப்டம்பரில் மெட்டு பிசகியிருக்கிறது என்று பொய்ப் புகார் சொன்னவன் நான். இப்போது உண்மையிலேயே பிசகியிருக்கிறது என்று போனில் சொன்னால் மாமி நம்பவில்லை.

1 மே 2024

நானே சரிசெய்யப் பார்த்தேன். என்னிடம் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. மெட்டு பித்தளை, சூடு ஏறும், அடியில் மெழுகு இளகும், நிமிர்த்தி வைத்தால் முடிந்தது. தத்துவம் சரி. ஆனால் 17-வது மெட்டு நிமிர்ந்தபோது 18-வது சாய்ந்தது. 18-ஐ நிமிர்த்தியதில் 16 அமுங்கியது. ராத்திரி பதினொன்றுக்கு மெழுகுப் புகையில் உட்கார்ந்திருந்தவனை வீட்டில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். சொல்லியிருந்தால் தேவலை.

19 மே 2024

மாமிக்குத் தெரிந்த ஒருவர் தஞ்சாவூரிலிருந்து வந்து மேளம் கட்டி, அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதித்துக் கொடுத்தார். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்து, சூடாக்கி, கரித்தூள் சேர்த்து, சப்பாத்தி மாவு போலப் பிசைந்து வீணையின் கழுத்தான தண்டியின் இரண்டு ஓரத்திலும் கரை கட்டினார். பிறகு ஒவ்வொரு மெட்டாக வைத்து, மீட்டி, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டி. ஒரு மெட்டு சாரணிக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது, மற்ற மூன்று தந்திக்கும் அதே மெட்டுதான். நாலுக்கும் ஒத்துப்போகும்வரை விடமாட்டேன் என்கிறார். சுருதி பார்க்கிற ஆப் போனில் இருக்கிறது என்று நீட்டினேன். "காது இருக்குதுங்களே" என்றார்.

அன்றைக்கு ஒன்று உறைத்தது. பிடிலில் இந்த வேலையை நான் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அந்த நொடியில் செய்கிறேன், பிசகினால் நகர்த்திவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. எனக்கே தெரிவதில்லை.

14 ஜூலை 2024

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மாமி தோடி ராகத்தை எடுத்தார். வர்ணம் இல்லை, சும்மா ஸ்வரம் பிடிக்க. தோடியின் காந்தாரம் நேராக நிற்காது, அசையும். வீணையில் தந்தியை இழுத்தால் சுருதி ஏற மட்டும்தான் செய்யும், மெட்டுக்குக் கீழே இறக்க வழியில்லை. ஆகவே அந்த அசைவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தூரம் போகிறது, எங்கே திரும்புகிறது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கீழ் மெட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இழுத்து, விட்டு, மறுபடி இழுக்க வேண்டும்.

"எத்தனை தடவை அசைக்கறேள்?" என்றார் மாமி. தெரியவில்லை. "எங்கேர்ந்து எடுக்கறேள்?" அதுவும் தெரியவில்லை. 30 வருடத்துக்கு மேல் பிடிலில் தோடி வாசித்திருக்கிறேன். பஜனையில் தலையாட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பிடிலில் தோடியைப் போனில் பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் கேட்டேன். காந்தாரம் என்ற இடத்தில் காந்தாரம் இல்லை. ஒரு நடுக்கம் இருக்கிறது. விரலைச் சும்மா ஆட்டியிருக்கிறேன், ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் எங்கேயோ. வில் ஓடிக்கொண்டிருப்பதால் அது அழகாக வேறு கேட்கிறது. பொள்ளாச்சி வாத்தியார் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். நான்தான் ஏதோ ஒரு வருடத்தில் அதை வழுக்கலாக்கிக்கொண்டு, அப்படியே வாசித்துவந்திருக்கிறேன்.

இரண்டு நாள் எதையும் தொடவில்லை.

15 ஜூலை 2024

பிடிலை நான் குறை சொல்வதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். இல்லை. நல்ல பிடில்காரர்களுக்கு அந்த அசைவு வீணையில் இருக்கிற மாதிரியே தெளிவாக இருக்கும். பிடில் என்னை ஒளிய விட்டது, அவ்வளவுதான். கருவி என்ன செய்யும்?

8 செப்டம்பர் 2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "மூன்று, ஆறு என்று மாற்றிக்கொண்டே போகிறீர்கள், கடைசியாக எத்தனை மாதம்?" என்று கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

எனக்கு 15 மாதம் ஆகியிருக்கிறது. மோகனத்தில் ஒரு வர்ணம் ஒரு காலத்தில் வருகிறது. இரண்டாம் காலத்தில் பாதியில் இறங்கிவிடும். காது உதவியது, ராகம் உதவியது, தாளம் உதவியது, அதனால் புதிதாக வருகிறவரைவிட நான் வேகம்தான். கை உதவவில்லை. சில நாள் குறுக்கே நின்றது. உங்கள் 12 வருடக் கை என் 37 வருடக் கையைவிடச் சீக்கிரம் மறக்கும் என்று நினைக்கிறேன். மாதக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன்.

போன வாரம் மாமி பிடிலையும் எடுத்துவரச் சொன்னார். (தனிப் பையில், எண்ணெய் படாமல்.) தோடி வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ம். காந்தாரத்துல நிக்கறேள்" என்றார். பிறகு, "இப்ப வீணையை எடுங்கோ, சுண்டுவிரல் தூங்கறது" என்றார்.

அது வேறு ஒரு சங்கதி. தாளத் தந்தி மூன்றையும் வலது கைச் சுண்டுவிரலால் வெளிப்பக்கமாகத் தட்டித் தாளம் காட்ட வேண்டும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்போதே. பிடிலில் என் வலது சுண்டுவிரல் வில்லின் மேல் சும்மா உட்கார்ந்திருந்த ஆள், இத்தனை வருடத்தில் அதற்கு வேலையே கொடுத்ததில்லை. நேற்றுக் கடையில் ஸ்டேட்டரில் காயில் இறக்கிக்கொண்டே மேஜையில் ஆதி தாளம் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஆவர்த்தத்தில் பையன் கேட்டான்: "அண்ணா, கை நடுங்குது, டாக்டரப் பாக்கலாமா?"